லக்கி பேம்பூ மஞ்சளாகிறது, ஆடிக்கு நாத்தனார் வருகிறார். என்ன செய்வது?

வேளச்சேரி_விஜி | ஜூன் 8, காலை 10:40

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் ஏப்ரலில் எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு நாத்தனார் ஒரு லக்கி பேம்பூ கொடுத்தார். ஐந்து தண்டு, தங்க நிறக் கம்பியால் கட்டி, சிவப்பு ரிப்பன் சுற்றி, கண்ணாடிக் கிண்ணத்தில் கலர் கூழாங்கல்லோடு. ஒரு வருடம் அழகாக இருந்தது. இரண்டு மாதமாக முதலில் இலை நுனி கருகியது, அப்புறம் கீழ் இலைகள் மஞ்சளாயின. இப்போது ஒரு தண்டே அடியிலிருந்து மஞ்சள் பிடித்து ஏறுகிறது.

சத்துக் குறைவு என்று நினைத்து என்பிகே 19:19:19 உரம் ஒரு ஸ்பூன் போட்டேன். இன்னும் மோசமாகிவிட்டது.

மாமியார் வேறு, செடி மஞ்சளானால் வீட்டில் பணம் தங்காது என்று யூடியூபில் பார்த்துவிட்டு தினமும் ஒருமுறை சொல்கிறார். நாத்தனார் ஆடிக்கு அம்மா வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, வருகிறார். வந்ததும் ஹாலில் முதலில் கண்ணில் படுவது இதுதான். யாராவது வழி சொல்லுங்கள்.

கார்த்தி_84 | ஜூன் 8, காலை 10:52

வெயில் பத்தவில்லை. பால்கனியில் வையுங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

மாடித்தோட்டம்_மாலா | ஜூன் 8, காலை 11:15

கார்த்தி, சென்னையில் ஜூன் வெயிலிலா? விஜி, தயவுசெய்து செய்யாதீர்கள். நான் செய்திருக்கிறேன். இரண்டே நாளில் இலை வெந்த கீரை மாதிரி வெளுத்துத் தொங்கியது. காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில் நிழலில் வளரும் செடி அது. திரைச்சீலை வழியாக வருகிற வெளிச்சம் போதும். உட்கார்ந்து பேப்பர் படிக்கிற அளவுக்கு வெளிச்சம் இருக்கிற இடம் என்றால் அதற்குச் சரி.

பழைய_நர்சரி | ஜூன் 8, மதியம் 1:30

வைத்தியம் சொல்வதற்கு முன் நாடி பார்க்க வேண்டும் அம்மா. நான்கு விஷயம் சொல்லுங்கள். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்: மெட்ரோவா, போரா, கேனா? பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு மாற்றுகிறீர்களா, குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்புகிறீர்களா? மஞ்சளான தண்டை விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா? வேர் என்ன நிறம்?

மற்றவர்களுக்கு ஒன்று. இலை மஞ்சளாவது வேறு, தண்டு மஞ்சளாவது வேறு. அடியில் ஒன்றிரண்டு பழைய இலை மஞ்சளாகி உதிர்வது எல்லாச் செடிக்கும் உள்ளது, அதற்குப் பதற வேண்டாம். இலை நுனி கருகினால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். இலை முழுவதும் வெளுத்தால் வெயிலைப் பாருங்கள், உரத்தைப் பாருங்கள். தண்டு அடியிலிருந்து மஞ்சளானால் அது வேரழுகல், அங்கே உரம் போட்டால் ஜுரத்தில் கிடப்பவனுக்குப் பிரியாணி கொடுத்த கதைதான்.

வேளச்சேரி_விஜி | ஜூன் 8, மாலை 4:05

சார், உங்கள் கேள்விக்குப் பதில். தண்ணீர் போர் தண்ணீர்தான், ஆனால் நேராக இல்லை. வீட்டில் ஆர்ஓ மெஷின் இருக்கிறது, அதிலிருந்து வெளியே போகிற தண்ணீரை வாளியில் பிடித்து எல்லாச் செடிக்கும் ஊற்றுகிறேன். 2019-ல் ஏரிகள் வற்றி, இந்த ஊரே லாரிக்குக் குடத்தோடு நின்றதே, அன்றிலிருந்து ஒரு சொட்டுகூட வீணாக்க மனசு வருவதில்லை. இந்தச் செடிக்கு முதல் ஒரு வருடம் கேன் தண்ணீர். மார்ச்சில்தான் மெஷின் வாங்கினோம்.

மாற்றுவதில்லை, குறைந்தால் நிரப்புவேன். தண்டை அழுத்திப் பார்த்தேன், மேலே கெட்டி, அடியில் கொஞ்சம் அமுங்குகிறது. வேர் கல்லுக்குள் இருக்கிறது, தெரியவில்லை.

பழைய_நர்சரி | ஜூன் 8, இரவு 8:20

கிடைத்துவிட்டது. உங்கள் நல்ல மனசுதான் அம்மா செடியைக் கொன்றுகொண்டிருக்கிறது.

ஆர்ஓ மெஷின் என்ன செய்கிறது? உப்பை வடிகட்டி ஒரு பக்கம் நல்ல தண்ணீரைக் கொடுக்கிறது. வடிகட்டிய உப்பு எங்கேயும் மாயமாவதில்லை, மறுபக்கக் குழாயில் வருகிறது. போரில் இருந்த உப்பு, ஃபுளூரைடு எல்லாம் அதில் இன்னும் கெட்டியாகச் சேர்ந்திருக்கும். அந்தத் தண்ணீர் வீடு துடைக்க நல்லது, கழிப்பறைக்கு நல்லது. தென்னைக்குக்கூட ஊற்றலாம், அது உப்பைத் தாங்கும். இந்தச் செடி தாங்காது.

அடுத்தது, நீங்கள் மாற்றாமல் நிரப்பியது. கிண்ணத்திலிருந்து ஆவியாவது வெறும் தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கும். மறுபடி ஊற்றும்போது புது உப்பு சேரும். ரசத்தைச் சுண்ட வைத்து, அதிலேயே திரும்பத் திரும்ப ரசம் ஊற்றினால் எப்படி இருக்கும்? மூன்று மாதம் அதுதான் நடந்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு ஸ்பூன் 19:19:19. அதுவும் உப்புதான் அம்மா.

கல்லையெல்லாம் கொட்டுங்கள். கம்பியை அவிழுங்கள். ஒவ்வொரு தண்டாகப் பிரித்து வேரைப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் இருந்தால் பயப்படாதீர்கள், இந்தச் செடியின் ஆரோக்கியமான வேரே அந்த நிறம்தான். பாதிப் பேர் அதைப் பார்த்து அழுகல் என்று வெட்டி எறிந்துவிடுகிறார்கள். கறுப்பாக, வழவழவென்று, நாற்றத்தோடு இருப்பதுதான் அழுகல்.

ஒகேனக்கல்_ஓரம் | ஜூன் 8, இரவு 9:10

ஃபுளூரைடு பற்றி சார் சொன்னதால் வருகிறேன். எங்கள் தருமபுரிக்காரர்களுக்கு அது தெரிந்த எதிரி. நிலத்தடிப் பாறையிலிருந்தே தண்ணீரில் கரைந்து வருகிறது. பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. எங்கள் பக்கத்துப் பல கிணறுகள் அதைத் தாண்டியவை. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தண்ணீர் வந்தது.

இந்தச் செடியின் ஜாதியே ஃபுளூரைடுக்குக் கூச்சப்படும். வேர் உறிஞ்சுகிற தண்ணீர் இலை வழியாக ஆவியாகிறது, ஃபுளூரைடு இலை நுனியில் தங்கிச் சேர்கிறது. நுனி கருகி, அதை ஒட்டி மஞ்சள் கரை கட்டும். என் வீட்டில் போர் தண்ணீரில் வைத்தபோது அப்படித்தான் ஆனது. மழைத் தண்ணீருக்கு மாற்றினேன், புது இலைகளில் கருகல் இல்லை.

ராத்திரி முழுக்க வாளியில் வைத்தால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். போவது குளோரின். ஃபுளூரைடு போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டுவதால் கூடத்தான் செய்யும்.

சிறுவாணி_சீனி | ஜூன் 8, இரவு 9:40

இவ்வளவு கஷ்டமா? நான் மூன்று வருடமாக நேராகக் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒரு இலைகூட மஞ்சள் ஆனதில்லை. எல்லாம் கைராசி.

ஒகேனக்கல்_ஓரம் | ஜூன் 8, இரவு 9:44

அது உங்கள் கைராசி இல்லை சீனி, சிறுவாணி ராசி. அந்தத் தண்ணீரில் எங்கள் ஊர்ச் செடியைக் குளிப்பாட்டினால்கூடப் பிழைத்துக்கொள்ளும்.

மாடித்தோட்டம்_மாலா | ஜூன் 8, இரவு 10:02

ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஊற்றலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். நான் ஊற்றுகிறேன். அதில் உப்பு கிடையாது, ஆனால் ஏசியின் தூசும் அழுக்கும் சேர்ந்து வரும், அதனால் சர்வீஸ் செய்த பிறகு வருகிற தண்ணீரை மட்டும் பிடிக்கிறேன். ஏசிக் காற்று நேராக அடிக்கிற இடத்தில் மட்டும் செடியை வைக்காதீர்கள். குளிர் ஆகாது அதற்கு.

வேளச்சேரி_விஜி | ஜூன் 9, மாலை 6:30

பிரித்துவிட்டேன். பேப்பர் விரித்துத் தரையில் உட்கார்ந்து செய்தேன், மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிரில் நின்றார்.

கல்லைக் கொட்டியதும் வந்த வாடை, ஒரு வாரம் பூ ஜாடியில் மறந்துபோன தண்ணீர் வாடை. கிண்ணத்தின் உள்பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒரு வளையம். நகத்தால் சுரண்டினேன், பொடியாக வந்தது. கல்லின் கலர் என் விரலில் ஒட்டியது.

கம்பியை அவிழ்த்தபோதுதான் அதிர்ச்சி. மூன்று இடத்தில் தண்டுக்குள் பதிந்து வெட்டியிருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் மூன்று பச்சை, ஒன்று மஞ்சள். உள்ளே நடுவில் இருந்த தண்டு யார் கண்ணிலும் படாமல் செத்தே போயிருக்கிறது. தூக்கியதும் அடிப்பாகம் வாழைப்பழத் தோல் மாதிரி கழன்று கையில் வந்தது. வேர் கறுப்பு நூல்.

மஞ்சள் தண்டில் அடியிலிருந்து ஒரு சாண் போய்விட்டது, மேலே நன்றாகப் பச்சை, உச்சியில் இலைக் கொத்தும் இருக்கிறது. மீதி மூன்றும் கெட்டி, வேர் சிவப்பு. முதலில் நான் பயந்தே போயிருப்பேன், சார் சொன்னதால் தப்பித்தது.

மஞ்சள் தண்டு திரும்பப் பச்சையாகுமா?

பழைய_நர்சரி | ஜூன் 9, இரவு 8:45

ஆகாது. தண்டு மஞ்சளானால் மஞ்சள்தான். ஆகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் மேல்பாதி பச்சை என்றால் அதில் ஒரு புதுச் செடி இருக்கிறது.

செத்ததைத் தூக்கிப் போடுங்கள். அது கிடந்த தண்ணீரில் மற்றதை வைக்கக் கூடாது. கிண்ணத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வினிகர் ஊற்றி அந்த வெள்ளை வளையத்தைக் கரைத்து, நன்றாக அலசுங்கள்.

கூரான கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு, மஞ்சள் முடிகிற இடத்துக்கு மேலே, நல்ல பச்சையில், ஒரு கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்டுங்கள். கணு தெரியும் இல்லையா, கரும்பில் இருக்கிற மாதிரி வளையம். வேர் அந்தக் கணுவிலிருந்துதான் வரும். வெட்டின முகம் உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருக்க வேண்டும். பழுப்புப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஒரு கணு மேலே போங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். அந்தத் துண்டைத் தனி பாட்டிலில், ஆர்ஓவின் நல்ல தண்ணீரில், ஒரே ஒரு கணு மூழ்கும்படி வையுங்கள். வேர் வர மூன்று நான்கு வாரம் ஆகும், சில சமயம் கூடுதலாகவும் ஆகும். அவசரப்பட்டுத் தினமும் தூக்கிப் பார்க்காதீர்கள்.

நல்ல மூன்று தண்டுக்கும் அதே தண்ணீர்தான், வேர் மூழ்குகிற அளவு, இரண்டு அங்குலம். கழுத்து வரை நிரப்பாதீர்கள். வாரம் ஒருமுறை முழுதாகக் கொட்டிவிட்டு மாற்ற வேண்டும். உரத்தை மூன்று மாதம் மறந்துவிடுங்கள். அப்புறமும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு லிட்டரில் கடுகளவு. மறுபடி கட்ட வேண்டும் என்றால் ரிப்பன் போதும், தளர்வாக. கம்பி வேண்டாம்.

சிங்கைச்_செல்வி | ஜூன் 10, காலை 7:20

வாரம் ஒருமுறை மாற்றுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் இந்த மாதிரிச் சின்னப் பாத்திரத்துத் தண்ணீரைத்தான் தேடும். வெயில் நாட்டில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். 2001-ல் சீனாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தண்ணீரோடு போன லக்கி பேம்பூ கண்டெய்னர்களில் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவும் கூடவே போய் இறங்கியது. இங்கே சிங்கப்பூரில் வீட்டுக்குள் கொசுப்புழு கண்டால் அபராதம். அதிர்ஷ்டச் செடிக்கு அபராதம் கட்டினால் எப்படி இருக்கும்!

எங்கள் குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி இருக்கும், அளவாக ஃபுளூரைடும் சேர்க்கிறார்கள். இரண்டுமே வாளியில் வைத்தால் போகாது. அதனால் நான் மழைத் தண்ணீர் பிடித்து மூடி வைக்கிறேன்.

விஜி, உங்களுக்கு இப்போது மூன்று தண்டு, ஒரு துண்டு. மொத்தம் நான்கு. என் சீனப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்தால் பதறிவிடுவார். அவர்கள் மொழியில் நான்கு என்பதும் சாவு என்பதும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. மூன்று, ஐந்து, எட்டு என்றுதான் வாங்குவார்கள்.

ஒகேனக்கல்_ஓரம் | ஜூன் 10, காலை 7:41

நமக்கு அந்தக் கவலை இல்லை செல்வி. நாலு பேர் கட்டாயம் வேண்டும் என்றுதானே நம் ஊரில் சொல்வது.

வேளச்சேரி_விஜி | ஜூன் 10, காலை 8:15

காலையிலேயே நாலு பேரைப் பற்றிப் பேச வேண்டுமா அண்ணா! மாமியாரிடம் இந்த 'நான்கு' விஷயத்தைச் சொல்லவே மாட்டேன்.

வாஸ்து_வாசன் | ஜூன் 10, காலை 9:30

மஞ்சளான மூங்கிலை வீட்டில் வைத்திருப்பதே தோஷம். மொத்தமாக எடுத்து ஓடும் நீரில் விட்டுவிட்டு, புதிதாக வாங்கிக் கிழக்கில் வையுங்கள்.

பழைய_நர்சரி | ஜூன் 10, காலை 11:00

வாசன் சார், முதலில் அது மூங்கிலே இல்லை. மூங்கில் புல் ஜாதி, நெல்லுக்கும் கரும்புக்கும் சொந்தம். இது டிரசீனா சாண்டெரியானா, சொந்த ஊர் ஆப்பிரிக்காவில் கேமரூன் பக்கம். சாண்டர் என்ற ஆர்க்கிட் வியாபாரியின் பெயரை வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மருள் இருக்கிறதே, நார் எடுப்பார்களே, அதையும் இப்போது டிரசீனாவில்தான் சேர்த்திருக்கிறார்கள். தண்ணீர்விட்டான் கிழங்கும் இதே குடும்பம். ஆப்பிரிக்காவில் பிறந்து, தைவானிலும் தென்சீனாவிலும் வளர்ந்து, வேளச்சேரிக்கு வந்த செடிக்கு எந்தத் திசை கிழக்கு என்று அதற்கே குழப்பம்.

ஓடும் நீர் சென்னையில் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வாஸ்து_வாசன் | ஜூன் 10, காலை 11:20

நம்பிக்கை உள்ளவர்களுக்குச் சொன்னேன். கிழக்கில் காலை வெளிச்சம் இதமாக வரும், அதுவும் செடிக்கு நல்லதுதானே?

மாடித்தோட்டம்_மாலா | ஜூன் 10, காலை 11:35

அது மட்டும் சரி. கிழக்கு ஜன்னலுக்கு என் ஓட்டும் உண்டு.

வேளச்சேரி_விஜி | ஜூலை 2, மாலை 5:10

மூன்று வாரம் முடிந்தது. வெட்டிய துண்டைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்தேன். பாட்டில் அடியில் பச்சையாகப் பாசி பிடித்தது, அதனால் வெளியே செய்தித்தாள் சுற்றிவிட்டேன். வேர் வரவே இல்லை. கணுவில் வெள்ளையாக இரண்டு புள்ளி மட்டும் தெரிகிறது.

பெரிய கிண்ணத்தில் மூன்றும் கெட்டியாக இருக்கின்றன, ஆனால் பழைய இலை இரண்டு மறுபடி மஞ்சளாகிவிட்டது. தோற்றுவிட்டேனா சார்?

பழைய_நர்சரி | ஜூலை 2, இரவு 9:00

அந்த வெள்ளைப் புள்ளிதான் அம்மா வேர். முளை விட்டுவிட்டது. இனி பாட்டிலை நகர்த்தாதீர்கள்.

மஞ்சளான இரண்டு இலையும் முன்பே உப்பு குடித்தவை, அவற்றைக் கிள்ளிவிடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது நடுக்குருத்தை. குருத்து பச்சையாக விரிந்தால் செடி பிழைத்துவிட்டது. கருகிய நுனிகளைக் கத்தரிக்கோலால் இலையின் வடிவத்திலேயே சரிவாக வெட்டிவிடுங்கள், நாத்தனார் கண்டுபிடிக்க மாட்டார்.

ஒரு யோசனை, கட்டாயமில்லை. தண்ணீரில் இது வருடக்கணக்கில் இருக்கும், ஆனால் மண்ணில் இன்னும் திடமாக இருக்கும். கோகோபீட், செம்மண், கொஞ்சம் மண்புழு உரம், அடியில் ஓட்டை உள்ள தொட்டி, மேல்மண் காய்ந்தபின் தண்ணீர். ஒரு தண்டையாவது மண்ணுக்கு மாற்றிப் பாருங்கள்.

மாடித்தோட்டம்_மாலா | ஜூலை 2, இரவு 9:25

தொட்டியைத் தரையில் வைத்தால் வீட்டில் பூனை, நாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இலையைக் கடித்தால் அதுகளுக்கு வாந்தி வரும். என் பூனை ஒருமுறை காட்டிக்கொடுத்தது, சோபாவின் மேல்.

வேளச்சேரி_விஜி | ஜூலை 26, இரவு 10:15

நாத்தனார் வந்து போய்விட்டார். மூன்று தண்டும் வெள்ளைப் பீங்கான் ஜாடியில், தளர்வாகக் கட்டிய அதே சிவப்பு ரிப்பனோடு. உச்சியில் இரண்டு புதுக் குருத்து. பக்கத்தில் ஹார்லிக்ஸ் பாட்டில், வேர் என் சுண்டுவிரல் நீளம், ஆரஞ்சு நிறம்.

வந்தவர் ஹாலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் செடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அண்ணி, நீங்கள் கொடுத்தது என்று நானே காட்டினேன். "அட, இது இன்னுமா இருக்கு? அன்னிக்கே ஜோடியா வாங்கினேன், என்கிட்ட இருந்தது தீபாவளிக்கே போச்சு" என்றார். அவர் வீட்டிலும் ஆர்ஓ மெஷின், அதே வாளி. ஹார்லிக்ஸ் பாட்டிலை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு மறுபடி மூன்று.

மாமியார் இப்போது அந்த வாளித் தண்ணீரில்தான் வாசல் கழுவுகிறார்.

புதுவரவு_நந்தா | ஆகஸ்ட் 3, காலை 6:50

வணக்கம், குழுவுக்குப் புதியவன். என் லக்கி பேம்பூவின் வேர் எல்லாம் சிவப்பாக இருக்கிறது. அழுகிவிட்டது என்று நினைக்கிறேன். வெட்டிவிடலாமா?

பழைய_நர்சரி | ஆகஸ்ட் 3, காலை 6:53

தம்பி, கத்தியைக் கீழே வை. இழையை முதலிலிருந்து படி.